விலையில்லாக் குளவி

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2022 மார்ச் 7 அன்று முந்நூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் அங்கே திரண்டார்கள். அன்றைக்கு வயலில் விடப்பட்டவை எறும்பைவிடச் சிறிய குளவிகள். அனகைரஸ் லோபேசி என்ற இந்த இனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டது. பெங்களூரில் இயங்கும் தேசிய வேளாண் பூச்சி வள மையம் அதைத் தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கிக் கொண்டுவந்திருந்தது. இந்தியாவில் இந்தக் குளவியை வயலில் விட்டது அதுவே முதல் முறை.

விரட்ட வேண்டிய எதிரி மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இந்தப் பூச்சி, 2020-ல் கேரளத்தின் திருச்சூர் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்டது. சீக்கிரமே சேலம், நாமக்கல், தருமபுரி வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. இளஞ்சிவப்பு உடலின்மேல் வெள்ளை மாவு பூசியதுபோல் இருக்கும். கூட்டமாகக் கொழுந்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலை சுருண்டு, கணுக்கள் நெருங்கி, நுனி முழுதும் கொத்தாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும், தண்டு கோணிக்கொள்ளும். இந்த இனத்துக்கு ஆண் தேவையில்லை. ஒரு பெண் பூச்சி தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆகவே, ஒரே ஒரு பூச்சி தப்பினாலும் ஒரு வயலுக்கு அது போதும்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு மரவள்ளி வெறும் கிழங்கு மட்டுமன்று. இரண்டாம் உலகப்போரில் கடல்வழி அடைபட்டு மலேயா பக்கத்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் 1943-ல் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழிலைத் தொடங்கினார்கள். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமெல்லாம் ஆலைகள் பெருகின. 1981-ல் ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதிகத் தண்ணீர் கேட்காமல், சுமாரான மண்ணிலும் பத்து மாதத்தில் கிழங்கு வைக்கும் பயிர் என்பதால் மானாவாரிக்காரரும் இதை நம்பினார்கள். கிழங்கை ஆலைக்குக் கொண்டுபோனால் மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் பார்த்துத்தான் விலை போடுவார்கள். மாவுப்பூச்சி விழுந்த தோட்டத்தில் எடையும் குறையும், பாயிண்டும் குறையும். விவசாயிக்கு ஒரே பூச்சியால் இரண்டு இடத்தில் அடி.

குளவி வேலை செய்யும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால்தான் இந்த முறையின் வலிமை புரியும். பெண் குளவி கொழுந்தில் அலைந்து, உணர்கொம்பால் ஒவ்வொரு மாவுப்பூச்சியாகத் தட்டிப் பார்க்கும். முட்டையிடத் தோதான வளர்ச்சி நிலையில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, அதன் உடலுக்குள் முட்டையைச் செருகும். பொரிந்து வரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்னும். மாவுப்பூச்சியின் மேல்தோல் இறுகி, பழுப்பு நிறத்தில் கூடாகிவிடும். கடைசியில் அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வரும். முட்டையில் தொடங்கி இவ்வளவும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். பழுப்புக் கூடுகள் கண்ணில் பட்டால் அந்தத் தோட்டத்தில் குளவி நிலைத்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு பக்கத்துத் தோட்டத்துக்கு அதுவே பறந்துபோகும். கூலி, டீசல், தெளிப்பான் எதுவும் வேண்டாம்.

வெளிநாட்டுப் பூச்சியை இறக்கினால் அதுவே நாளைக்கு எமனாகாதா என்ற கேள்வி நியாயமானது. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-ல் ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட தேரை, கண்டதையும் தின்று அந்த நாட்டு உயிர்களுக்கே வினையாகிவிட்டது. தேரைக்கும் இந்தக் குளவிக்கும் உள்ள வேறுபாடு சாப்பாட்டுப் பழக்கத்தில் இருக்கிறது. தேரை வாய்க்கு அகப்பட்டதையெல்லாம் விழுங்கும்; ஒட்டுண்ணிக் குளவி தன் ஓம்புயிரி கிடைக்காவிட்டால் பெருகாது. அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் தனிமைப்படுத்தலும், வேறு பூச்சிகளைத் தொடுகிறதா என்ற சோதனையும். இதில் காட்டும் நிதானத்தைத் தாமதம் என்று குறை சொல்வது சரியாகாது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. கொங்கு நாட்டுப் புறம்போக்குகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை அழித்தது வெட்டுக்கத்தி அல்ல. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு செதில்பூச்சி. அண்மைக் கதையும் ஒன்று உண்டு. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தாவிப் பட்டு வளர்ப்போரையும் கிழங்கு விவசாயிகளையும் கலங்கடித்தது. தெளிக்காத மருந்து இல்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணி வந்தபிறகு அடுத்தடுத்த பருவங்களில் அந்தத் தொல்லை அடங்கியது. ஏத்தாப்பூர் முயற்சிக்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

உலக அளவில் இந்தக் குளவிக்கு இன்னும் பெரிய வரலாறு. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி, இருபது கோடிப் பேருக்குச் சோறாக இருந்த பயிரைத் தாக்கியது. சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரென் தலைமையில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் இதை எதிர்கொண்டது. பராகுவேயில் கண்டெடுத்த குளவியை 1981-ல் நைஜீரியாவில் விட்டு, பிறகு நாடு நாடாகப் பரப்பினார்கள். ஹெரெனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

சுற்றுச்சூழல் கோணத்தில் இதைவிட முக்கியமான ஆய்வு தாய்லாந்திலிருந்து வந்தது. 2008-ல் அங்கே மாவுப்பூச்சி நுழைந்து விளைச்சல் சரிந்ததும், மரவள்ளி மாவின் விலை இரு மடங்கைத் தாண்டியது. விலையைப் பார்த்து கம்போடியா, லாவோஸ், வியட்நாம், மியான்மர் நாடுகளில் புதுப்புது நிலங்களில் மரவள்ளி ஏறியது, காடு குறைந்தது. பெனின் குளவி தாய்லாந்தில் நிலைபெற்று விளைச்சல் மீண்டபிறகு, அந்த நாடுகளில் காடழிப்பின் வேகம் 31 முதல் 95 சதவீதம் வரை தணிந்ததாக கிரிஸ் விக்ஹெய்ஸ் குழுவினர் 2019-ல் வெளியிட்ட கட்டுரை கணக்கிடுகிறது. காடழிய வேறு காரணங்களும் உண்டு என்பதால் இந்த எண்களை அப்படியே நெட்டுருப் போடத் தேவையில்லை. ஆனால் அந்த ஆய்வு காட்டும் சங்கிலி உறுதியானது: ஒரு நாட்டு வயலில் பூச்சி, இன்னொரு நாட்டுக் காட்டில் கோடரி.

நாமக்கல் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்ளக் கம்போடியா வரை போக வேண்டியதில்லை, கொல்லிமலை போதும். அங்கே சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் ஆலைகளின் தேவையால் மரவள்ளிக்கு மாறியதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சமவெளியில் கிழங்குக்குத் தட்டுப்பாடு வந்தால் ஆலைக்காரர் மலையைப் பார்ப்பார். சரிவில் மரவள்ளி பிடுங்கும்போது மண் இளகி மழையோடு இறங்கும். சமவெளிப் பயிரைக் காப்பது மலை மண்ணையும் காக்கும் வேலைதான்.

இத்தனை நல்லதைச் சொன்னபிறகு குறைகளையும் தயங்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, மருந்து. மரவள்ளிக்கு மாவுப்பூச்சி மட்டும் பகையில்லை. தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ இருக்கிறது, கோடையில் செம்பேன் இருக்கிறது. அவற்றுக்காக அடிக்கும் மருந்து குளவியையும் சேர்த்துக் கொல்கிறது. மாவுப்பூச்சியாவது மெழுகுப் போர்வைக்குள்ளும் சுருண்ட இலைக்குள்ளும் ஒளிந்து தப்பிக்கும். திறந்த வெளியில் அலையும் குளவிக்கு அந்த வசதி கிடையாது. ஆக, மருந்தடித்த தோட்டத்தில் பூச்சி முன்னைவிடத் துணிச்சலாகத் திரும்புகிறது. விவசாயி குளவி பலிக்கவில்லை என்று முடிவுகட்டி மறுபடியும் டப்பாவைத் தேடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொழுந்து கண்ணெதிரே முடிச்சுப் போடும்போது, சில வாரம் பொறுங்கள் என்று சொல்வதற்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும். மருந்துக் கடைக்காரர் தெருமுனையிலேயே இருக்கிறார்; கடனுக்கும் கொடுக்கிறார். குளவியை விற்று யாருக்கும் லாபமில்லை. அதனால் அதற்கு விளம்பரம் இல்லை, முகவர் இல்லை, பருவத்துக்குப் பருவம் நினைவூட்டுபவர் இல்லை. இந்த முறையின் மிகப் பெரிய பலமான இலவசத்தன்மையே அதன் பலவீனமாகவும் ஆகிவிடுகிறது. சந்தை சுமக்காத ஒன்றை அரசு சுமந்தாக வேண்டும். ஆராய்ச்சி நிலையம் குளவியை வளர்த்துக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று வேளாண் துறை இருந்துவிட முடியாது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மரவள்ளியை விதை போட்டுப் பயிரிடுவதில்லை. முந்தின பயிரின் தண்டை வெட்டிக் குச்சியாக நடுகிறார்கள். முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து என்று பேர் சொல்லிக் கேட்டு, ஒரு ஊர்க் குச்சி வண்டியேறி இன்னொரு ஊருக்குப் போகிறது. கூடவே மாவுப்பூச்சியும் தேமல் நோயும் இலவசப் பயணம் போகின்றன. நடுவதற்கு முன் குச்சியை மருந்துக் கரைசலில் நனைக்கச் சொல்லும் பரிந்துரை உண்டு. தேமலை எதிர்க்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களைத் திருவனந்தபுரத்தின் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தந்திருக்கிறது. ஆனால் நெல்லுக்கும் பருத்திக்கும் இருப்பதுபோல் சான்று பெற்ற குச்சி ஊர்தோறும் கிடைக்கும் ஏற்பாடு வேரூன்றவில்லை. வாசலைத் திறந்துவைத்துவிட்டுக் காவலுக்குக் குளவியை நிறுத்தினால், அடுத்து வரும் பூச்சிக்கு அடுத்த குளவியைத் தேடி இன்னொரு கண்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். 2008-ல் ஒன்று, 2020-ல் இன்னொன்று. பார்வை எட்டும் தூரம் வரை ஒரே பயிர், அதிலும் ஒரே ரகம் என்று இருக்கும் நிலத்தில் மூன்றாவதும் வராமல் போகாது.

மூன்றாவதாக, கணக்கு எங்கே முடிகிறது என்ற கேள்வி. மாவுப்பூச்சி எண்ணிக்கை குறைந்ததா, டன் கூடியதா என்பதோடு பெரும்பாலான ஆய்வறிக்கைகள் நின்றுவிடுகின்றன. கிழங்கின் பயணம் அதற்குமேலும் நீள்கிறது. தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைக்கும் வேலையில் ஒரு டன் ஜவ்வரிசிக்குப் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அரைத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். அது நல்ல சுழற்சி. வெளியேறும் புளித்த நீரின் கதை வேறு. அதில் கரிமக் கழிவும், கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடின் மிச்சமும் இருக்கும். ஏத்தாப்பூரை ஒட்டி ஓடும் வசிஷ்ட நதியும், சேலத்திலிருந்து நாமக்கல் மாவட்டத்துக்குள் இறங்கும் திருமணிமுத்தாறும் பல காலமாக இந்தக் கழிவையும் மற்றக் கழிவுகளையும் சுமந்திருக்கின்றன. அதே நீரைக் காற்றுப்புகாத கலன்களில் நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கும் தொழில்நுட்பம் சேலத்து ஆலைகளிலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அந்த வாயுவை ஆலைக்கே எரிபொருளாக்க முடியும். எல்லா ஆலையிலும் அது முறையாக நடந்தால்தான் பூச்சிமருந்து இல்லாமல் விளைந்த கிழங்கு சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லத் தகுதி வரும்.

விலையையும் விட்டுவிட முடியாது. பூச்சி அடங்கி விளைச்சல் கூடினால் கிழங்கு விலை இறங்கும். தாய்லாந்து ஆய்வு சொல்லும் காடுகள் காப்பாற்றப்பட்டதே அப்படித்தான். காட்டுக்கு நல்லதாகிற அதே விலைச் சரிவு விவசாயியின் மடியில் விழுகிறது. ஜவ்வரிசியில் மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பதாக எழும் புகார்கள் இந்தச் சரிவை இன்னும் கூர்மையாக்குகின்றன. ஆராய்ச்சியின் பலன் ஆலை வாசலோடு நின்றுவிடாமல் வயல்வரை வரவேண்டுமென்றால், பாயிண்ட் அளக்கும் முறை எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்; கலப்படச் சோதனை சீசன் முழுவதும் நடக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் குளவியின் தலையில் குறையாக ஏற்றுவது நியாயமாகாது. தன்னிடம் கேட்ட வேலையை அது நன்றாகவே செய்யக்கூடியது என்பதற்கு ஆப்பிரிக்காவும் தாய்லாந்தும் சாட்சி. பொதுப்பணத்தில் இயங்கும் ஆராய்ச்சி நிலையங்கள் சிறு விவசாயிக்குத் தரக்கூடியவற்றில் இதைவிட மலிவான, மண்ணுக்கும் தண்ணீருக்கும் இதைவிடத் தீங்கில்லாத உதவி வேறு எளிதில் தோன்றவில்லை. குறை நாம் அதைச் சுற்றி வேண்டிய மற்றவற்றைக் கட்டாமல் விட்டதில் இருக்கிறது. அடுத்த நடவுக்கு முன் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. ஒன்றியத்துக்கு ஒரு சான்றுக் குச்சிப் பண்ணை வேண்டும். வண்டியேறும் குச்சிக்குச் சோதனை வேண்டும். பழுப்புக் கூட்டை அடையாளம் கண்டு, இந்த வாரம் மருந்தடிக்காதீர்கள் என்று தைரியமாகச் சொல்லும் பயிற்சி பெற்ற ஆள் ஊருக்கு ஒருவர் வேண்டும். ஏத்தாப்பூரில் அன்று திரண்ட முந்நூறு பேரிலிருந்தே அவர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கலாம்.