கிறிஸ்தவத் தாய்மையும் நம் அருளுரைகளும்: ஒரு திறனாய்வு

ஆரல்வாய்மொழியை நினைக்குந்தோறும் திருச்சபை வரலாற்றின் இரு நிகழ்ச்சிகள் நம் நினைவிற்கு வருகின்றன. 1752ஆம் ஆண்டு தேவசகாயம் பிள்ளை அவ்வூர்க் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. 1806ஆம் ஆண்டு இலண்டன் மிஷன் சங்கத்தின் அருள்பணியாளர் ரிங்கல்தௌபே அவ்வூர்க் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் பணி தொடங்கினார். இவ்விரண்டையும் நாம் நன்கு எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அதன் பின்னர் நற்செய்தி தலைமுறை தலைமுறையாகச் சென்ற வழி மலையுமன்று, கணவாயுமன்று; வீட்டின் அடுப்படியும் தொட்டிலுமே ஆகும். அவ்வழியைக் குறித்து நம் அருளுரைகளும், தாய்மாருக்கென நாம் வெளியிடும் சிறுநூல்களும் கூறுவன திருமறைக்கு ஒத்தவைதாமா? இவ்வினாவை எழுப்புவதே நம் நோக்கம். நாமும் அத்தகைய அருளுரைகளை ஆற்றியவர்களாதலால் இது தற்சோதனையும் ஆகும்.

அவ்வுரைகளில் காணப்படும் கிறிஸ்தவத் தாய் யாவரும் அறிந்தவளே. அவள் பொழுது விடியுமுன் எழுகிறாள். வீடு உறங்கும் வேளையில் தனித்திருந்து திருமறை வாசிக்கிறாள். பின்னர்ப் புன்முறுவலோடு வீட்டுப் பணிகளைத் தொடங்குகிறாள். அவள் குரல் உயர்வதில்லை. அவள் பிள்ளைகள் ஆலயத்தில் அழுவதுமில்லை. ஆரல்வாய்மொழியிலும் அதனை அடுத்த தோவாளையிலும் உள்ள இல்லங்களில் இத்தாயைத் தேடுவோமாயின் எத்தனை பேரைக் காண்போம்? பூத்தொழிலில் உள்ள குடும்பங்களுக்கு விடியற்காலை மௌன வேளையன்று. மலர் பறிக்கவும் சந்தைக்கு அனுப்பவும் வேண்டிய வேளை. செங்கற்சூளைக்குச் செல்பவளோ வெயில் ஏறுமுன் சோறாக்கி வைத்துப் புறப்பட வேண்டியவள். கூலி வேலைக்குச் செல்லாத தாயும் இரவில் மும்முறை பாலூட்ட விழித்தவளாயின், விடியலில் அவள் வேண்டுவது இன்னும் அரைமணி உறக்கமே. இவர்களிடம் நம் உரைகள் பக்தியை வளர்க்கவில்லை. "நான் நல்ல கிறிஸ்தவளல்லேன்" என்னும் குற்றவுணர்வையே வளர்த்துள்ளன.

இச்சித்திரத்திற்கு ஆதாரமாக நாம் எடுத்துக்கொள்வது நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம். ஆனால் அதனை நாம் முழுமையாக வாசித்ததுண்டா? 10ஆம் வசனம் முதல் 31ஆம் வசனம் வரை எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துகளையும் முறையே தொடக்கமாகக் கொண்டு அமைந்த பாடல் அது. ஒரு பெண்ணின் நெடிய வாழ்வை எழுத்து வரிசையில் தொகுத்துப் புகழும் அப்பாடலை, நாம் ஒரு நாளின் கால அட்டவணையாக மாற்றிவிட்டோம். அவள் இருட்டோடே எழுகிறாள் என்பதை எடுத்துரைக்கும் நாம், அதே 15ஆம் வசனத்தில் அவளுக்குப் பணிப்பெண்கள் இருப்பதைச் சொல்லாமல் விடுகிறோம். 28ஆம் வசனத்தில் அவள் பிள்ளைகள் எழும்பி அவளைப் புகழ்கின்றனர். அவர்கள் புகழத் தெரிந்த வயதினர். அப்பாடலில் கைக்குழந்தையே இல்லை. மேலும், அதிகாரத்தின் தலைப்பைக் கருதுமிடத்து, இவை லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் போதித்தவை. அங்ஙனமாயின், ஓர் ஆண்மகன் பெண்ணின் உழைப்பை மதிக்கக் கற்றுக்கொள்ளும் பொருட்டுச் சொல்லப்பட்டதை நாம் பெண்ணின்மேல் சுமத்தும் சுமையாக்கினோம் அன்றோ?

அடுத்ததாக நாம் எடுத்துக்காட்டுபவர் ஜான் வெஸ்லியின் தாயாராகிய சூசன்னா வெஸ்லி. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் ஒன்பது பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்த அவ்வம்மையார், மேலாடையால் தலையை மூடிக்கொண்டு பிள்ளைகளின் நடுவே ஜெபித்தார் என்பது நம் மேடைகளில் ஓயாது கேட்கப்படும் செய்தி. 1732ஆம் ஆண்டு அவரே தம் மகனுக்கு எழுதிய, பிள்ளை வளர்ப்பு பற்றிய கடிதமோ மேடைகளில் பேசப்படுவதில்லை. அதில் ஒழுங்கும் உண்டு, கடுமையும் உண்டு. ஓராண்டு நிரம்பிய குழந்தைகளும் பிரம்புக்கு அஞ்சவும், ஓசையின்றி அழவும் கற்பிக்கப்பட்டனர் என்று அவர் எழுதுகிறார். இதனை நாம் ஏற்பதற்கில்லை. எப்பிராயீமுக்கு நடை பழக்கிக் கைகளில் ஏந்திய கடவுளை ஓசியா 11ஆம் அதிகாரத்தில் கண்டவர்கள், குழந்தையின் அழுகையைப் பாவமெனக் கருத இயலாது. ஆயினும், 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கூறும் மற்றொரு வழக்கம் நம் கவனத்திற்கு உரியது. வாரத்தின் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனித்துப் பேச அவர் நேரம் ஒதுக்கினார். ஜானுக்கு உரியது வியாழக்கிழமை. பெரியவனான பின்னும் ஜான் அவ்வியாழன் மாலைகளை ஏக்கத்தோடு நினைவுகூர்ந்தார். பிள்ளையின் உள்ளத்தில் தங்கியது பிரம்பன்று. தனக்கென ஒதுக்கப்பட்ட அந்நேரமே.

நம் போதனையின் அடிப்படைத் தவறு யாதெனில், பக்தியை வேலையினின்று பிரித்ததே. சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்கு இது பெருங்குறை. 1522ஆம் ஆண்டு திருமண வாழ்வு குறித்து எழுதிய லூத்தர், குழந்தையைத் தாலாட்டுவதையும் அதன் துணி துவைப்பதையும் இரவில் விழித்திருப்பதையும் இழிவாகக் கருதிய துறவு மனப்பான்மையை மறுத்தார். விசுவாசத்தோடு செய்யப்படும்போது அவை கடவுளுக்கு உகந்த பணிகள் என்றார். தந்தை ஒருவன் குழந்தையின் துணியைத் துவைக்கக் கண்டு ஊரார் நகைப்பினும், கடவுள் தம் தூதரோடு அவனைக் கண்டு மகிழ்கிறார் என்பது அவர் கருத்து. மடத்தின் சுவர்களை அகற்றிய நாமே, விடியற்கால மௌனம் என்னும் பெயரால் வீட்டினுள் ஒரு சிறு மடத்தைக் கட்டி, அதற்குள் நுழைய இயலாத தாயை வெளியே நிறுத்தலாமோ?

உபாகமம் 6ஆம் அதிகாரம் இறைவார்த்தையைக் கற்பிக்கக் குறிக்கும் வேளைகள் வீட்டில் அமரும் வேளை, வழி நடக்கும் வேளை, படுக்கும் வேளை, எழும் வேளை என்பனவே. இவை எந்த இல்லத்திலும் உள்ளவை. தலைவாரும்போது கூறும் ஒரு கதையும், சோறூட்டுமுன் கைகுவித்துச் சொல்லும் ஒரு வரி நன்றியும், தொட்டிலாட்டும்போது முணுமுணுக்கும் கீர்த்தனையும் அம்மறையுரையின் நிறைவேற்றமாகும். அக்கட்டளை எபிரெய மூலத்தில் ஆண்பாலில் அமைந்துள்ளது என்பதையும் மறத்தலாகாது. எபேசியர் 6:4 பிள்ளை வளர்ப்பைக் குறித்துத் தகப்பன்மாரையே பெயர் சொல்லி விளிக்கிறது. நாமோ தாய்மாருக்கென நூல்கள் எழுதிக் குவித்தோம். தந்தையர்க்கு எழுதியவை எத்தனை? தீமோத்தேயு திருமறையை அறிந்த காலத்தைக் கூறுமிடத்து, நம் தமிழ் மொழிபெயர்ப்பு 'சிறுவயது' என்கிறது. கிரேக்கச் சொல்லோ கைக்குழந்தையைக் குறிப்பது. ஆம், விசுவாசம் பாடமாகக் கற்பிக்கப்படுமுன்பே மடியில் உணரப்படுகிறது.

நம் வட்டார வரலாறும் இதற்குச் சான்றாகும். 1819இன் இறுதியில் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்தி ரேந்தைப் பின்னலும் கற்பித்தார். 1822இல் பிறந்த அவர்தம் மகள் எலைசா அச்சூழலில் வளர்ந்தார். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின் இடையன்குடியிலும் அவ்வாறே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். தாயின் அன்றாட வேலையே மகளுக்குப் போதனையாயிற்று. எனினும் மிஷன் வீடுகளில் பணியாளர் இருந்தனர் என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாழ்வை இன்றைய ஏழைத் தாய்க்கு அளவுகோலாக்குதல் நீதியன்று.

எனவே திருச்சபை செய்யத்தக்கது யாது? ஞாயிறு வழிபாட்டில் குழந்தை அழுதவுடன் தாய் எழுந்து வாசற்படிக்குச் செல்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். உள்ளே தாய்மையைப் போற்றி அருளுரை நிகழ்கிறது. தாய் வெளியே நிற்கிறாள். குழந்தைகளைக் கொண்டுவந்தோரை அதட்டிய சீடர்மீதே ஆண்டவர் விசனமடைந்தார் என மாற்கு 10ஆம் அதிகாரம் கூறுகிறது. அக்குழந்தையைச் சற்றே வாங்கிக்கொண்டு, தாயை உள்ளே அமரச் செய்யத் தந்தையோ, மூத்த சகோதரியோ, நாமோ எழுவோமாயின், அதுவே தாய்மையைக் குறித்த மேலான அருளுரையாகும். ஒரே நாளில் உயிரைக் கொடுத்தவரை நினைவுகூரும் ஆரல்வாய்மொழியில், நாள்தோறும் சிறிது சிறிதாகத் தன்னைக் கொடுப்பவளுக்கு இன்னும் ஒரு சுமையை ஏற்றாதிருத்தல் நம் கடன்.