கொடி அசைந்தது காற்றாலா, கருத்தாலா?

மதுரை மதிலின்மேல் கொடிகள் அசைகின்றன. போரிலே வென்று பாண்டியன் உயர்த்திய கொடிகள்! பூம்புகாரை விட்டு நெடுவழி நடந்து, வையையைப் புணையேறிக் கடந்து, அகழியோரமாக வருகின்றனர் கோவலனும் கண்ணகியும். இந்நகருக்குள் வரவேண்டா என்று கைகாட்டி மறிப்பனபோல் அக்கொடிகள் அசைந்தன என்று பாடுகிறார் இளங்கோ.

தமிழ்நாட்டுப் பள்ளியிலே பயின்ற பலருக்கும் பழகிய காட்சி இது. தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கொடிதான். தலைமுறை தலைமுறையாக இதே கொடி. இன்றைய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இதே கொடி. மதுரை மாணவனுக்கோ இது சொந்த ஊர்க் கொடி!

அந்த மாணவனை நிறுத்திக் கேளுங்கள்: "தம்பி, தற்குறிப்பேற்ற அணி என்றால் என்ன?" மூச்சு விடாமல் சொல்வான்: "இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது." சரியான விடை, முழு மதிப்பெண். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "கவிஞர் ஏன் ஏற்றினார்? ஏற்றாமல் விட்டிருந்தால் காப்பியத்திற்கு என்ன குறைந்திருக்கும்?" விழிப்பான். அது தேர்வுக்கு வராத கேள்வி அல்லவா!

குற்றம் அவன்மீது இல்லை. அவனுக்கு அணியின் பெயரைக் கற்பித்தார்கள். அணி செய்யும் வேலையைக் கற்பிக்கவில்லை.

தேர்வுத் தாளிலே 'நயம் பாராட்டுக' என்றொரு வினா வரும். நல்ல வினா! ஒரு பாட்டைக் கொடுத்து, அதில் நீ கண்டதைச் சொல் என்று ஓர் இளைஞனை அழைப்பதைவிடச் சிறந்த கல்வி வேறு ஏது? ஆனால் நடப்பது என்ன? திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை எனத் தலைப்புகள் முன்கூட்டியே ஆயத்தமாக நிற்கின்றன. ஒவ்வொரு தலைப்பின்கீழும் ஒரு வாய்பாட்டு வரி. புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளிலே பல்லாண்டுகள் விற்பனையான உரைநூல்கள் முதல் இன்றைய கைப்பேசிப் படிகள் வரை அதே வரிகள். பாட்டு மாறும், பாராட்டு மாறாது!

அவ்வாய்பாடுகளுள் ஒன்று, மதுரைக்கு வைகை எவ்வாறோ செய்யுளுக்கு எதுகை அவ்வாறு என்று ஒப்பிடுகிறது. ஆண்டுதோறும் எத்தனை மாணவர் அதனை எழுதுகின்றனர்! எழுதுகிறவர்களுள் எவரேனும் ஒருவன், தான் எழுதியதே ஓர் ஒப்புமை என்பதை எண்ணிப் பார்த்தானா? 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மேல் நின்று கோடைக்கால வைகையைப் பார்த்தால் மணலும் சாக்கடையும் புதருமே கண்ணில் படும். 'ஐயா, ஆறு வறண்டால் மதுரை இருக்கிறதே. எதுகை இல்லாவிட்டாலும் செய்யுள் இருக்குமோ?' என்று ஒருவன் கேட்டிருந்தால், அவனை எழுந்து நிற்கச் சொல்லி வகுப்பே கைதட்டியிருக்க வேண்டும். ஒப்புமை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று கண்டவன் அவன் ஒருவனே! அவனுக்கு மதிப்பெண் தர நம் தேர்வு முறையில் கட்டம் இல்லை.

கொடிக்கே திரும்புவோம். பாடநூல் கொடியை மட்டும் பறித்து வந்து காட்டுகிறது. இளங்கோ அதனைத் தனியே நட்டாரா? இல்லை. முதலில் வையை ஆறு வருகிறது. கண்ணகிக்கு நேரவிருப்பதை அறிந்தவள்போல், கண்ணில் நிறைந்த நீரைக் காட்டாமல், பூக்களாலே போர்த்து மறைத்துக்கொண்டு நடக்கிறாள் அவள். அடுத்து அகழி. அங்கே குவளையும் ஆம்பலும் தாமரையும், வண்டொலியே அழுகையாக, அறிந்தனபோலக் கண்ணீர் கொண்டு நடுங்குகின்றன. மூன்றாவதாகவே கொடி. ஆறு அழுகையை மறைத்தது. அகழிப் பூ மறைக்க மாட்டாமல் அழுதது. கொடியோ கைநீட்டித் தடுத்தது. படிப்படியாக ஏறுகிறது துயரம். இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் கவிஞனின் கட்டுமானம் தெரியும். ஒன்றைப் பிய்த்து எடுத்தால் மிஞ்சுவது இலக்கணக் குறிப்பு.

இன்னும் ஒன்று. அசைந்தவை எவருடைய கொடிகள்? மன்னனின் வெற்றிக் கொடிகள். 'என் ஆற்றலைப் பார்' என்று ஊருக்கு உரைக்க உயர்த்தியவை. அக்கொடிகளே, 'இவன் ஆட்சியில் உங்களுக்கு நீதி கிடைக்காது, திரும்புங்கள்' என்று வழிப்போக்கரை எச்சரிக்கின்றன! கோவலன் வெட்டுண்பதற்கு முன்பே, கண்ணகி அவையேறி வழக்குரைப்பதற்கு முன்பே, அரசின் சின்னத்தைக் கொண்டே அரசின்மீது குற்றம் சாட்டிவிட்டார் கவிஞர். இதை ஒரு பதினைந்து வயது மாணவனுக்குச் சொல்லிப் பாருங்கள். அல்லது சொல்லாமல், 'அது யார் ஏற்றிய கொடி?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவன் கண்ணில் ஒளி பிறக்கும். அந்த ஒளிதான் இலக்கியக் கல்வி.

நம் தோழர்களிலும் சிலர் உண்டு. 'ஆறு அழுமா? கொடி பேசுமா? இந்தக் கற்பனைகளைக் கட்டிக்கொண்டு பகுத்தறிவாளன் ஏன் மாரடிக்க வேண்டும்?' என்று கேட்பார்கள். அவர்களுக்கு நம் விடை இது: இளங்கோ மூன்று இடத்திலும் 'போல' என்ற பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார். ஆறு அறிந்தது என்று அவர் சொல்லவில்லை, அறிந்தவள்போல் என்றார். அணியின் இலக்கணமே 'இயல்பாக நிகழும் நிகழ்ச்சி' என்று தொடங்குகிறதே! கொடியை அசைத்தது காற்று. அதன்மேல் ஏறியது கவிஞனின் கருத்து. இரண்டையும் பிரித்துக் காட்டும் இலக்கணத்தைவிடப் பகுத்தறிவுக்கு நெருங்கிய பாடம் வேறு எது? கவிஞன் ஏமாற்றவில்லை. 'போல' என்னும் சொல்லை மறைத்துவிட்டுக் கற்பனையை நடந்ததாகக் காட்டுகிறவனே ஏமாற்றுகிறான்.

அந்த ஏமாற்றின் விலை சிறிதன்று. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலே புருட சூக்தம் இருக்கிறது. சமுதாயத்தை ஓர் உடலாக உருவகித்து, வாயைப் பிராமணனாக்கி, தோளை அரச குலமாக்கி, தொடையை வைசியனாக்கி, பாதத்திலிருந்து சூத்திரன் தோன்றினான் என்கிறது அது. மனுநூல் தன் முதல் அத்தியாயத்திலேயே அதனை எடுத்துவைத்துக்கொண்டது. உருவகம் சட்டமாயிற்று, சட்டம் வழக்கமாயிற்று, வழக்கம் 'இயற்கை' என்று பெயர் சூடிக்கொண்டது! எத்தனை நூற்றாண்டுகள், எத்தனை கோடி மக்கள், ஓர் உருவகத்தின் காலடியிலே நசுங்கினார்கள்!

உவமை கற்ற மாணவன் அங்கே என்ன கேட்டிருப்பான்? தொல்காப்பியர் உவமையின் தோற்றத்தை நான்காக வகுத்தார்: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒக்கிறதா, பயனால் ஒக்கிறதா, வடிவால் ஒக்கிறதா, நிறத்தால் ஒக்கிறதா? மல்லிகைபோன்ற சிரிப்பு என்றால் நிறம் ஒத்தது என்று மதுரைக் குழந்தையும் சொல்லும். மனிதக் கூட்டம் உடல்போன்றது என்றால், எதனால் ஒத்தது? கால் தலையாக மாற முடியாது. உழவன் மகன் மருத்துவனாக முடிகிறதே! காலுக்குத் தனி மூளை இல்லை. காலென்று சொல்லப்பட்டவனுக்கு இருக்கிறதே! ஒப்புமை உடைந்தது. பிறகு அவன் இன்னொரு கேள்வியும் கேட்பான்: இப்படி ஒப்பிட்டதால் யாருக்குப் பயன்? தொல்காப்பியர் சொன்ன பயன் வேறு, இந்தப் பயன் வேறுதான். ஆனால் முதற்கேள்வியைக் கேட்கப் பழகியவனுக்கே இரண்டாவது கேள்வி வாயில் வரும்.

எனவேதான், அணியிலக்கணத்தைப் புலவர்களின் பொழுதுபோக்கென்று நாம் ஒதுக்குவதற்கில்லை. மக்களாட்சியில் வாழப்போகும் இளைஞனுக்கு அது ஒரு தற்காப்பு. நாட்டைத் தாயென்பார்கள், ஆட்சியைக் குடும்பமென்பார்கள், தலைவரைத் தந்தையென்பார்கள், எதிர்ப்பவரை நோயென்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் உருவகம். ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் காட்டி, வேறொன்றை மறைக்கிறது. நோயென்று ஒருவரை அழைத்துவிட்டால், அடுத்த சொல் 'ஒழிப்பு' என்று தானே வந்து நிற்கும்!

நம் மேடையையும் விட்டுவிட வேண்டா. அடுக்குமொழியும் எதுகை மோனையும் உவமை உருவகமும் இல்லாமல் நாம் என்றைக்குப் பேசினோம்? கேட்டவர் கைதட்டினர், நாமும் மகிழ்ந்தோம். மோனை அமைந்ததனாலே வாதம் அமைந்துவிட்டதாக நாமே நம்பிய நாளும் உண்டு. பள்ளியிலே உவமையை எடைபோடக் கற்றவன் நாளை நம் கூட்டத்திலும் வந்து நம் சொல்லை எடைபோடுவான். போடட்டும்! அதற்கு அஞ்சுகிறவன் பகுத்தறிவை மேடைக்கு மட்டும் வைத்துக்கொண்டவன்.

மதுரைக்குப் பெருமை பேசப் பஞ்சமில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஊர். 1904இல் பாரதி சில மாதங்கள் தமிழாசிரியராக நின்ற ஊர். 1966இல் பல்கலைக்கழகம் பிறந்தபோது தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும், 1971இல் மு. வரதராசனாரும் துணைவேந்தர்களாக வீற்றிருந்த ஊர். அருகே கீழடியில், பானை ஓட்டிலே பெயர்களைக் கீறிவைத்த மக்களின் தடயம் கிடைத்திருக்கிறது. மண்பானையில் தம் எழுத்தைத் தாமே பொறித்தவர் வழிவந்த பிள்ளைகள், விடைத்தாளில் எவரோ எழுதிய பாராட்டைப் படியெடுக்கலாமா?

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. பாட்டைக் கொடுக்கும்போது பாடியவர் பெயரை மறைத்துக் கொடுங்கள். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் அவ்வாறு கொடுத்துப் பார்த்தார். பெயரின் துணை இல்லாதபோது படித்த பிள்ளைகளும் எப்படித் தடுமாறினார்கள் என்பதை 1929இல் நூலாகவே வெளியிட்டார். பெரும் பெயருக்குத் தலைவணங்காமல் பொருளைப் பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கும். சொன்னவர் எவராயினும் பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்றல்லவா வள்ளுவரும் வரையறுத்தார்!

உவமையை எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் எழுதச் சொல்லுங்கள்; எது போயிற்று என்று கேளுங்கள். 'இலைமறை காய்போல' என்பதற்குப் பொருள் எழுது என்பதோடு நிறுத்தாமல், மேலூரிலும் வாடிப்பட்டியிலும் உசிலம்பட்டியிலும் வாழும் பிள்ளைகளிடம், வீட்டிலே பாட்டி சொல்லும் ஒப்புமைகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வயலும் களமும் சந்தையும் தரும் உவமைகள் எந்த உரைநூலிலும் கிடைக்கா. விடை சரியா என்பதோடு, காட்டிய காரணம் சரியா என்பதற்கும் மதிப்பெண் தாருங்கள். ஆசிரியர்கள் இதற்கு ஆயத்தமாகவே உள்ளனர். அறுபது விடைத்தாளும் ஆண்டிறுதித் தேர்ச்சிக் கணக்கும் அவர்கள் கையைக் கட்டியிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்ப்பது கல்வித்துறையின் கடமை.

துறை அவிழ்க்கும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா? ஊர்தோறும் மன்றங்கள் வைத்திருக்கும் இளைஞர்களே! மாலையில் நான்கு மாணவரைக் கூட்டுங்கள். ஒரு பாட்டை எடுங்கள். பெயரை மறையுங்கள். 'போல' என்னும் சொல் எங்கே இருக்கிறது, எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கொடியை அசைத்த காற்றையும், கொடிமேல் ஏறிய கருத்தையும் பிரித்தறியக் கற்ற பிள்ளை, எவன் எந்தக் கொடியை எதிரே அசைத்தாலும், ஒரு நொடி நின்று, எண்ணிப் பார்த்து, பிறகே நடப்பான்.