பச்சைப் புள்ளிகளை எண்ணினால் போதுமா?

ஆட்டோஃபாஜி பற்றிய ஆய்வுக்கட்டுரைகளில் ஒரு படம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இடது பக்கம் சாதாரண செல். வலது பக்கம் பட்டினி போட்டதோ மருந்து கொடுத்ததோ. உள்ளே ஏகப்பட்ட பச்சைப் புள்ளிகள். உடனே, 'ஆட்டோஃபாஜி கூடிவிட்டது' என்று முடிவு. அந்த முடிவில்தான் எனக்குச் சிக்கல்.

செல் தன் பழுதான பாகங்களை இரட்டைச் சவ்வுப் பை ஒன்றில் அடைக்கும். அந்தப் பையில் எல்சி3 என்ற புரதம் ஒட்டியிருக்கும். அதோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்தால் பை புள்ளியாகத் தெரியும். பிறகு பை லைசோசோமோடு சேர்ந்து, உள்ளே இருப்பது செரிக்கும். ஆக, பச்சைப் புள்ளி என்பது பெரும்பாலும் இன்னும் செரிக்காத பை. தெருமுனைக் குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தால் தெரு சுத்தமாகுதுன்னு அர்த்தமா? லாரி வராமலும் இருக்கலாமே! செரிமானத்தைத் தடுக்கும் குளோரோகுயின் கொடுத்தாலும் புள்ளிகள் கூடத்தான் செய்யும்.

2016-இல் நோபல் பெற்ற யோஷினோரி ஓசுமியும் குவியலைத்தான் பார்த்தார். ஆனால் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து, தெரிந்தே வழியை அடைத்துவிட்டுப் பார்த்தார். அதனால் அந்தக் குவியலுக்குப் பொருள் இருந்தது.

2007-இல் யோஷிமோரி குழு எல்சி3-இல் சிவப்பையும் பச்சையையும் சேர்த்துக் கட்டியது. லைசோசோமின் அமிலத்தில் பச்சை மங்கும், சிவப்பு தாங்கும். மஞ்சளாகத் தெரிந்தால் பை இன்னும் போய்ச் சேரவில்லை. சிவப்பு மட்டும் என்றால் சேர்ந்துவிட்டது. நல்ல யோசனைதான். ஆனால் அமிலத்தை எட்டியதற்குத்தான் அது சாட்சி, செரித்து முடித்ததற்கு இல்லை.

அப்படியானால் ஒளிரும் நானோ துகள்களை உள்ளே அனுப்பி அளக்கலாமே என்பார்கள். அங்கே வேறு வம்பு. குவாண்டம் புள்ளிகள், தம் அளவைப் பொறுத்து, மனித ஸ்டெம் செல்களில் ஆட்டோஃபாஜியைத் தாமே தூண்டுவதாக 2006-லேயே ஒரு ஆய்வு காட்டியது. செல்லுக்கு அந்தத் துகளும் குப்பைதானே? அளக்கப் போன கருவியே அழுத்தம் கொடுத்தால் எதை அளந்தோம்?

அதனால் இப்படிப் படம் வந்தால் நான் ரெண்டு விஷயம் தேடுவேன். லைசோசோமை அடைத்தும் அடைக்காமலும் எண்ணி வித்தியாசம் காட்டியிருக்கிறார்களா? மருந்தில்லாமல், உணரி மட்டும் உள்ளே போன செல்லைத் தனியாகப் பார்த்திருக்கிறார்களா? இரண்டும் இல்லையென்றால் படம் அழகாக இருக்கலாம். 'கூடிவிட்டது' என்ற சொல்லை நான் நம்பமாட்டேன்.