துத்தநாகப் பெட்டியும் தாயின் சொல்லும்

யுத்தம் முடிந்தது, துருப்புகள் திரும்புகின்றன என்ற செய்தி எல்லா வீடுகளிலும் ஒரே செய்தியாகப் போய்ச் சேருவதில்லை. பத்திரிகைக்காரனுக்கு அது ஒரு தலைப்பு. ராஜதந்திரிக்கு ஒரு கையெழுத்து. மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்க்குப் போன மூச்சு திரும்புகிறது. மகனை ஏற்கெனவே புதைத்துவிட்ட தாய்க்கு? அவளுக்கு அது என்ன என்று சொல்ல நம்மிடம் தயாராக ஒரு வார்த்தை இல்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது, துக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. இப்படி வார்த்தை கிடைக்காத இடத்தில்தான் இலக்கியாசிரியனுக்கு வேலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த வேலையைச் செய்யத் துணிந்த ஒரு புத்தகத்தைப் பற்றியும், அதற்காக அதன் ஆசிரியை கோர்ட்டுப் படி ஏற நேர்ந்ததைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1979 டிசம்பரில் ஸோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது. 1988 ஏப்ரலில் ஜினீவாவில் உடன்பாடு கையெழுத்தாகி, மே மாதம் சைனியம் திரும்பத் தொடங்கியது. 1989 பிப்ரவரி 15ஆம் தேதி ஜெனரல் போரிஸ் க்ரோமவ் ஆமூ தரியா நதிப் பாலத்தை நடந்தே கடந்து, உஸ்பெக் மண்ணில் தெர்மேஸ் பக்கம் வந்து சேர்ந்தார். தமக்குப் பின்னால் ஒரு ஸோவியத் சிப்பாயும் இல்லை என்று அறிவித்தார். அவருடைய மகன் பூச்செண்டுடன் நின்று அவரைக் கட்டிக்கொண்டான். யுத்தத்திலிருந்து தகப்பன் வருகிறான், பிள்ளை எதிர்கொண்டு அழைக்கிறான். உலகம் பார்த்த படம் இது. நல்ல படம்தான். ஆனால் பல ஆயிரம் வீடுகளில் விஷயம் தலைகீழாக இருந்தது. பெற்றவர்கள் காத்திருந்தார்கள், பிள்ளைகள் வரவில்லை. சர்க்கார் கணக்குப்படியே ஏறத்தாழ 15,000 பேர் செத்திருந்தார்கள். சிறைப்பட்டும் காணாமற்போயும் பாலத்துக்கு அப்பால் தங்கிவிட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

இந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்தவர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச். 1948இல் பிறந்தவர், பேலருஸ் நாட்டுப் பத்திரிகையாளர். இரண்டாவது உலக யுத்தத்தில் போரிட்ட பெண்களின் பேச்சைக் கேட்டு எழுதி 1985இல் ஒரு புத்தகம் வெளியிட்டுப் பெயர் பெற்றிருந்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆப்கானிஸ்தான் யுத்தத்தைப் பற்றிய அவருடைய நூலின் ருஷ்யப் பெயருக்குத் ‘துத்தநாகப் பையன்கள்’ என்று பொருள். செத்த பையன்கள் துத்தநாகத் தகட்டுப் பெட்டிகளில் வைத்து, பற்றவைத்து மூடப்பட்டு, விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெட்டிதான் நூலின் பெயராயிற்று. நான் படித்தது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில்.

இதில் கதை என்று ஒன்று கிடையாது. ஒரு தாய் பேசுகிறாள், ஒரு சிப்பாய் பேசுகிறான், ஒரு செவிலி, ஒரு மனைவி, மறுபடியும் ஒரு தாய். பெரும்பாலோருக்குப் பெயர்கூட இல்லை. தாய், சிப்பாய் என்ற அடையாளம் மட்டும்தான். ஆசிரியை குறுக்கே பேசுவது சொற்பம். முதலில் வருகிற தாயின் மகன் சாகவில்லை. உடம்பில் குறையொன்றுமில்லாமல் திரும்பி வந்தான். வந்தவன் ஒருநாள் வீட்டுச் சமையலறையில் இருந்த வெட்டுக்கத்தியை எடுத்துப் போய் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டான். இப்போது சிறையில் இருக்கிறான். இந்தத் தாய், இரண்டு கால்களையும் இழந்து திரும்பிய இன்னொரு பையனின் தாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்.

பொறாமை என்ற இந்த ஒரு விஷயத்துக்காகவே அலெக்ஸியேவிச்சைப் பெரிய ஆசிரியை என்று சொல்வேன். சைனியம் அங்கே இருந்தவரையில் எல்லாத் தாய்மாரும் ஒரே ஜாதி. எல்லோரும் தபால்காரனைப் பார்த்து நடுங்குகிறவர்கள். சைனியம் திரும்பிய அன்று அவர்கள் பிரிந்துபோகிறார்கள். முழுசாக வந்தவனின் தாய், ஊனப்பட்டு வந்தவனின் தாய், உடம்பு வந்தும் மனசு வராதவனின் தாய், பெட்டியில் வந்தவனின் தாய், ஒன்றுமே வராதவனின் தாய் என்று ஆகிவிடுகிறார்கள். ஒருத்தி மற்றொருத்தியைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. சமாதானம் கொண்டுவந்து போடுகிற இந்தப் பிரிவினையை அலெக்ஸியேவிச் பிரசங்கம் செய்து காட்டவில்லை. ஒரு தாயைப் பேச விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், நமக்கு விளங்கிவிடுகிறது.

இதைவிடச் சிக்கலானது காரணத்தைப் பற்றிய விஷயம். பையன்கள் ‘சர்வதேசக் கடமை’யை நிறைவேற்றப் போனதாக சர்க்கார் சொல்லியிருந்தது. ஆரம்ப வருஷங்களில் கல்லறைக் கல்லில் ஆப்கானிஸ்தான் என்ற பெயரைப் பொறிக்கவும் விடவில்லை. பெட்டியைத் திறக்க அனுமதி இல்லை. உள்ளே இருப்பது தன் மகன்தானா என்றுகூடத் தாய்க்கு நிச்சயமில்லை. அவள் கையில் மிஞ்சியது கடமை என்ற அந்த ஒரு சொல். பிறகு 1989 டிசம்பரில் ஸோவியத் மக்கள் பிரதிநிதிகளின் மகாசபை, படை அனுப்பிய தீர்மானம் கண்டனத்துக்குரியது என்று பகிரங்கமாகச் சொல்லிற்று. நியாயமான வாக்குமூலம், வெகு நாள் முன்னமேயே வந்திருக்க வேண்டியது. ஆனால் புதைகுழியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? முதலில் மகனை வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவன் எதற்காகச் செத்தான் என்று கொடுத்திருந்த பதிலையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். யுத்தம் நிற்க வேண்டும் என்று அவளும்தான் விரும்பினாள். இன்னொருத்தி பிள்ளை சாக வேண்டாம் என்று அவளும்தான் பிரார்த்தித்தாள். நின்றபோது, அப்படியானால் என் பிள்ளை போனதற்கு முந்தின வருஷமே நிறுத்தியிருக்கலாமே என்ற கேள்வி எழுகிறது. இந்த இரண்டு எண்ணங்களும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. இதைக் குழப்பம் என்று சொல்கிறவர்கள் அந்த வீட்டுக்குள் போகாதவர்கள்.

புறநானூறு படித்து வளர்ந்த நமக்கு யுத்தத் தாய் புதியவள் அல்ல. காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிற கிழவி, மகன் முதுகு காட்டினான் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சினந்து, வாளோடு களத்துக்கே போகிறாள். பிணங்களைப் புரட்டிப் பார்த்து, துண்டுபட்டுக் கிடக்கும் மகனைக் கண்டுபிடித்து, பெற்ற பொழுதைவிட அதிகமாக மகிழ்கிறாள். வீரத் தாய் என்று மேடைகளில் இவளைக் கொண்டாடுகிறோம். எனக்கு இந்தப் பாட்டில் முக்கியமாகப் படுவது வேறு. கிழவி தன் கையால் புரட்டிப் பார்க்க முடிந்தது. அவன் எப்படிச் செத்தான் என்பதைக் கண்ணால் கண்டாள். மற்றவர்கள் சொன்னது பொய் என்று தானே தெரிந்துகொண்டாள். அவளுடைய பெருமைக்குச் சாட்சி அவளுடைய கண். மின்ஸ்க் நகரத்துத் தாய்க்கு அந்தச் சாட்சியம் கிடையாது. பெட்டியைப் பற்றவைத்து மூடிவிட்டார்கள். பெருமைப்படுவதானாலும் சர்க்கார் சொன்னதை நம்பித்தான் பெருமைப்பட வேண்டும். அழுவதானாலும் சர்க்கார் சொன்னதை நம்பித்தான் அழ வேண்டும். அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் அவளை அறியாதவள் என்று யார் சொல்வது?

புத்தகத்தில் குறை இல்லாமலில்லை. தாயும் சிப்பாயும் செவிலியும் ஏதோ ஓர் இடத்தில் ஒரே ராகத்தில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கிராமத்தானுக்கும் பட்டணத்தானுக்கும், படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் உள்ள பேச்சு வித்தியாசம் தேய்ந்துபோய், ஆசிரியையின் காது ஒன்றே எல்லாவற்றையும் இழைத்துச் சீராக்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. மொழிபெயர்ப்பில் போனது கொஞ்சம் இருக்கலாம். எல்லாமே மொழிபெயர்ப்பாளன் தலையில் போடக்கூடியதல்ல. இன்னொன்று, பிள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற தாய் இதில் வராமல் இல்லை. ஆனால் அவளைச் சுற்றி நிற்கிற குரல்கள் அவளை ஏமாந்தவளாக ஆக்கிவிடுகின்றன. ஆசிரியை வாயைத் திறக்காவிட்டாலும் குரல்களை அடுக்கிய வரிசையே ஒரு கட்சி பேசுகிறது. யுத்தம் பொய் என்ற அந்தக் கட்சி சரியானது என்றுதான் நானும் நினைக்கிறேன். சரியான கட்சிக்காகவும் ஒரு தாயைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைத் தாய்மார்களே கேட்டுவிட்டார்கள். 1992இல் மின்ஸ்க் கோர்ட்டில் அலெக்ஸியேவிச் மீது வழக்கு வந்தது. 1993இல் விசாரணை நடந்தது. திரும்பி வந்த சிப்பாய்கள் சிலரும், இறந்துபோனவர்களின் தாய்மார் சிலரும் வழக்காடினார்கள். தங்கள் சொல்லைத் திரித்துவிட்டதாகவும், பிள்ளைகளை வீரர்களாகக் காட்டாமல் கொலைகாரர்களாகக் காட்டிவிட்டதாகவும் அவர்கள் சொன்னார்கள். கோர்ட்டில் அலெக்ஸியேவிச் ஒரு தாயிடம் பழைய நாளொன்றை நினைவுபடுத்தினார். துத்தநாகப் பெட்டி வீட்டுக்கு வந்த நாள் அது. உள்ளே யார், நீதானா மகனே, பெட்டி இவ்வளவு சிறிசாக இருக்கிறதே, நீ பெரியவனாயிற்றே என்ற பொருளில் அவள் பெட்டியில் முட்டிக்கொண்டு கதறியதை ஆசிரியை பக்கத்தில் இருந்து கேட்டவர். அன்று அவரும் அவளும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். சில வருஷங்களுக்குள் எதிரெதிரே நிற்கிறார்கள்.

தீர்ப்பு எப்படிப் போயிற்று என்பது எனக்கு முக்கியமல்ல. நாவல் எழுதுகிறவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது என்பதுதான் முக்கியம். நாங்களும் பிறருடைய வீட்டுத் துக்கத்தை எடுத்துத்தான் பிழைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் அழுததை வேறு பெயர், வேறு ஊர் போட்டு அச்சேற்றிவிடுகிறோம். அவள் வழக்குப் போட முடியாது. கற்பனை என்பது எங்களுக்குக் கலை மட்டுமில்லை, மறைவிடமும்கூட. அலெக்ஸியேவிச்சுக்கு அந்த மறைவிடம் இல்லை. ஒருத்தி சவப்பெட்டியின் மேல் விழுந்து சொன்ன சொல் அவளுடையதா, கேட்டு எழுதியவருடையதா? அழுத நாளில் சொன்னதைப் பிற்பாடு, பெருமை ஒன்றுதான் மிச்சம் என்று ஆன நாளில், நான் சொல்லவில்லை என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே என் கட்சி. அதேசமயம் அன்று கேட்டதை எழுதிவைக்க ஆசிரியைக்கும் உரிமை உண்டு. எழுதாமல் விட்டிருந்தால் பெட்டியைப் பற்றவைத்தவர்கள் ஜெயித்திருப்பார்கள். இரண்டு உரிமைகளும் மோதத்தான் செய்யும். மோதாதபடி பத்திரமாக எழுதுகிறவன் யாருடைய துக்கத்தையும் தொட்டவன் அல்ல.

அலெக்ஸியேவிச் செய்த நல்ல காரியம், வழக்கின் தஸ்தாவேஜுகளைப் பின்னால் வந்த பதிப்புகளில் புத்தகத்தோடேயே சேர்த்துவிட்டது. தம்மைத் தாக்கியவர்களின் பேச்சும் அதில் இருக்கிறது. உங்கள் உண்மை எங்களுக்கு வேண்டாம் என்று பொருள்படச் சொன்னவர்களின் குரல் அங்கேதான் முழு பலத்தோடு ஒலிக்கிறது. முன்பகுதியில் வரிசை செய்த அநியாயத்தைக் கோர்ட்டுப் பக்கங்கள் ஓரளவு சரிக்கட்டிவிடுகின்றன.

இது ஏதோ ருஷ்ய விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அதே ஆப்கானிஸ்தானிலிருந்து 2021 ஆகஸ்டு 30ஆம் தேதி அமெரிக்கப் படை கடைசியாக வெளியேறிற்று. அதற்கு 15 நாள் முன்பே தாலிபான் காபூலுக்குள் வந்துவிட்டது. 20 வருஷத்தில் 2,400க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இறந்திருந்தார்கள். வெளியேற நாலு நாள் இருக்கையில் காபூல் விமான நிலைய வாசலில் 13 பேர் மாண்டார்கள். முன்னமே வந்திருக்கலாமே என்பதும், இப்படியா வருவது என்பதும், பின் எதற்காகப் போனான் என்பதும் அந்த வீடுகளிலும் ஒன்றாகவே எழுந்தன.

நமக்கும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1987இல் இலங்கை போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் அங்கே இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. இலங்கைத் தமிழர் மீது துப்பாக்கி திருப்பிய படை என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் படையால் பிள்ளையை இழந்த யாழ்ப்பாணத்துத் தாய்க்கு அந்தக் காரணம் நியாயமாகவே பட்டிருக்கும். கப்பலில் திரும்பி வராத சிப்பாயின் மனைவிக்கு எப்படிப் பட்டிருக்கும்? இந்த இரண்டு பெண்களையும் ஒரே புத்தகத்தில் பேசவைக்க ஒருவர் வேண்டும். அவர் மீதும் வழக்கு வரும். வரட்டும்.

‘துத்தநாகப் பையன்க’ளைப் படிக்கிறவர்கள், கோர்ட்டுப் பக்கங்களை அனுபந்தம் என்று நினைத்துத் தள்ளிவிடாமல் படிக்க வேண்டும். புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அதுதான். அதை எழுதியவர்கள் தாய்மார்கள்.