எடையில் தெரியும் விகிதம்

சூரிய மின் தகட்டில் கண்ணாடிக்கும் சிலிக்கான் செல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஒட்டுப்படலம் உண்டு. செருப்பின் மெத்தென்ற அடிப்பாகமும், க்ளூ கன்னில் செருகும் குச்சியும் பெரும்பாலும் அதே சாதிதான்: எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. அசிட்டேட் 5 சதவீதம் என்றால் பை செய்யும் பிலிம். மின் தகட்டுக்கு 28 முதல் 33 வரை வேண்டும். 40-ஐத் தாண்டினால் ரப்பர் குணம் வந்துவிடும். இந்த ஓர் எண்ணைப் பிடிக்க வழிகள் பல. நான் மனம் பறிகொடுத்தது எடை பார்க்கும் வழியிடம்தான்.

சில மில்லிகிராம் துணுக்கை நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றுகிறார்கள். தராசு ஓயாமல் எடை பார்த்தபடி இருக்கிறது. 300 டிகிரி வரை கோடு ஏறக்குறைய அசையாது. 350-ஐ ஒட்டிச் சறுக்கும், சற்றே நிதானிக்கும், 470 வாக்கில் மொத்தமாக விழும். அந்த முதல் சறுக்கலில் வெளியேறுவது அசிட்டிக் அமிலம். 86.09 எடையுள்ள ஒவ்வொரு அசிட்டேட் அலகும் 60.05 எடையுள்ள ஓர் அமில மூலக்கூறை விடுகிறது. ஆகவே இழப்பை 1.434-ஆல் பெருக்கினால் போதும்: 19.5 சதவீதம் குறைந்தால் அசிட்டேட் 28 சதவீதம். ஒப்பிட வேறொரு மாதிரி தேவையில்லை; அணு எடைகளே சாட்சி. இவ்வளவு சிக்கனமான வாதம் வேதியியலில் அபூர்வம்.

அகச்சிவப்பு முறை இதைவிட வேகமானது. நிறமாலையில் 1740 செ.மீ⁻¹-ல் அசிட்டேட்டின் கார்பனைல் முகடு, 720-ல் எத்திலீன் தொடரின் முகடு. படலம் தடித்தால் இரண்டு முகடுகளும் சேர்ந்தே உயரும். விகிதம் எடுத்ததும் தடிமன் கணக்கிலிருந்து கழன்றுவிடும். அருமையான யோசனை. ஆனால் அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து முதலில் வரைபடம் போட்டாக வேண்டும். அது கடன் வாங்கிய அறிவு.

அடுத்து, அசிட்டேட் வேறொரு துணையோடு சேரும் இசைத்தட்டு. 1948-ல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட எல்.பி. தட்டுகளின் வினைல், குளோரைடும் அசிட்டேட்டும் கலந்த தொடர். இங்கே நம் தராசு தடுமாறும்: சூடேற்றினால் ஹைட்ரஜன் குளோரைடும் அசிட்டிக் அமிலமும் கைகோத்துக் கிளம்பும். அசிட்டேட்டைக் காரத்தில் காய்ச்சி, செலவான காரத்தைப் பியூரெட்டால் தரம் பார்க்கலாமென்றால், காரம் குளோரினையும் பிடுங்கிவிடும். இடைஞ்சலாக நின்ற அந்தக் குளோரினையே ஆய்வாளர் பிடியாக்கிக்கொள்கிறார். ஆக்சிஜன் நிரப்பிய குடுவையில் துணுக்கை எரித்து, வெள்ளி நைட்ரேட்டால் தரம் பார்க்கிறார். வேதியியலாளர் ஷோனிகர் 1955-ல் எளிமையாக்கித் தந்த முறை இது. தனி வினைல் குளோரைடு தொடரில் குளோரின் 56.7 சதவீதம், 15 சதவீதம் அசிட்டேட் கலந்திருந்தால் 48.2. பொருளின் போக்கறிந்து கேள்வியை மாற்றிய இந்தச் சாமர்த்தியத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கைதட்டலாம்.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையான என்.எம்.ஆர். ஹைட்ரஜன்களையே எண்ணிவிடும்; அதன் கார்பன்-13 நிறமாலை, இரண்டு அசிட்டேட் அலகுகள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதைக்கூடக் காட்டும். விகிதத்தோடு வரிசையும் தெரிகிற இடம் அது.

கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும், ஒற்றை முறை தரும் எண்ணை நான் முழுதாக ஏற்பதில்லை. தராசும் பியூரெட்டும் வெவ்வேறு பாதையில் வந்து ஒரே எண்ணைச் சொன்னால் ஏற்பேன். மின் தகட்டுப் படலத்தின் சான்றிதழில் 28 சதவீதம் என்று பார்த்தால், எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள்.