தட்டை டிக்கி சிட்ரோன்

ஜீப்பும் டாங்கியும் போருக்கென்றே செய்யப்பட்டவை. தளபதிகள் ஏறிப்போன ஸ்டாஃப் கார் அப்படியல்ல. அது ஊருக்குள் ஓடுவதற்காகப் பிறந்தது. ஒரு டாக்டரின் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டிய காருக்குப் போர் வந்ததும் பளபளப்பில்லாத பெயின்ட் அடித்து, ஹெட்லைட்டை மூடி, மட்கார்டில் ஒரு கொடிக்கம்பியைச் செருகிப் படையோடு அனுப்பிவிட்டார்கள். சிறிய மாடல் கார் ஒன்றை வாங்கி அதை இரண்டாம் உலகப் போரின் ஸ்டாஃப் காராக மாற்றுகிறவர்கள் ரசிக்க வேண்டிய இடம் இதுதான். போர் நிறத்துக்கு அடியில் அந்தப் பழைய ஊர் முகம் தெரிய வேண்டும். அது தெரியும்படியான காரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நல்ல கார்கள் பல உண்டு. பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பயன்படுத்திய திறந்த ஹம்பர் சூப்பர் ஸ்னைப்புக்கு 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள், கம்பீரமான வண்டி. அமெரிக்கப் பக்கம் போனால் 1942 ஃபோர்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தின. அதற்குச் சற்று முன்பே குரோமியத்துக்குத் தடை வந்துவிட்டதால், கடைசியாக வெளிவந்த வண்டிகளில் பளபளக்க வேண்டிய பட்டைகள் வெறும் பெயின்டோடு வந்தன. போர் தன்னைத் தொடும் முன்பே மங்கிப்போன கார் அது. இரண்டையும் வைத்து அருமையான மாடல்கள் செய்யலாம். ஆனாலும் என் மனம் போய் நிற்பது சிட்ரோன் டிராக்ஷன் அவானில்தான்.

1934-ல் பாரிஸில் வெளிவந்த கார் இது. உருவம் கொடுத்த ஃப்ளாமினியோ பெர்த்தோனி அடிப்படையில் ஒரு சிற்பி. காகிதத்தில் கோடு போட்டு நிறுத்தாமல், பிளாஸ்டிசினில் கையால் வடித்தே இந்த உடலைக் கண்டுபிடித்தார். ஆகவே இந்தக் காரைச் சிறிய அளவில் பார்ப்பது, அது முதன்முதலில் பிறந்த அளவிலேயே பார்ப்பது போலத்தான். எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கே போவதால் காருக்கு அடியில் பின்னோக்கி ஓடும் இரும்புத் தண்டு கிடையாது. உடலையே சட்டமாகக் கட்டியிருப்பதால் கீழே தனிச் சட்டமும் கிடையாது. அதனால் தளம் தாழ்ந்தது. தளம் தாழ்ந்ததால் ஃபுட்போர்டு தேவையில்லாமல் போயிற்று. அக்காலக் கார்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு படிக்கட்டைச் சுமந்துகொண்டு நிற்க, இது முன் மட்கார்டின் வளைவிலிருந்து பின் மட்கார்டு வரை ஒரே வழுக்கலாக ஓடும். மாடலை மேசை விளிம்பில் வைத்துக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய நிழல்தான் இருக்கும்.

கதவுகளையும் கவனிக்க வேண்டும். முன்கதவு, பின்கதவு இரண்டின் கீலும் நடுத்தூணிலேயே இருக்கின்றன. ஆகவே கைப்பிடிகள் ஒன்றையொன்று விட்டு விலகி, ஒன்று முன்கண்ணாடிப் பக்கமும் மற்றது பின்சக்கரப் பக்கமும் நிற்கும். நல்ல மாடலில் இந்த இரண்டு கைப்பிடிகளும் சரியான இடத்தில் இருப்பது மட்டுமல்ல, உடலிலிருந்து முடி அளவாவது விலகியும் நிற்கும். வெறும் புடைப்பாக வார்த்திருந்தால் பெயின்ட் ஏறியதும் அவை கரைந்துபோகும்.

அடுத்தது ஆண்டு. இங்கேதான் தேர்வு கறாராகிறது. டிராக்ஷன் அவான் 1957 வரை உற்பத்தியில் இருந்தது. 1952-ல் அதன் டிக்கியைப் பெரிதாக்கிப் புடைக்க வைத்தார்கள். ஸ்டெப்னி உள்ளே போய்விட்டது. அதே ஆண்டில் வைப்பர்களும் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு இறங்கின. போர்க்காலக் காருக்கு டிக்கி தட்டையாக இருக்க வேண்டும், அதன் மூடியில் ஸ்டெப்னி வட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும், வைப்பர்கள் மேலிருந்து தொங்க வேண்டும். எளிதில் கிடைக்கும் மாயிஸ்டோவின் 1/18 கார் 1952-ன் 15சிவி. செய்நேர்த்தி உள்ளதுதான், ஆனால் அதற்கு ராணுவ நிறம் பூசினால் காலம் பொருந்தாது. டிங்கி டாய்ஸ் கூட அமெரிக்க ராணுவ ஸ்டாஃப் கார் என்று பச்சையடித்து நட்சத்திரம் பதித்தது 1949 மாதிரி ஃபோர்டு மீதுதான். பொம்மையாக அது அழகு. போர்க்காலக் காராக மாற்றுகிறவருக்கோ 1942 ஃபோர்டிலிருந்து ஏழு வருட இடைவெளி உறுத்தும்.

அளவைப் பொறுத்தவரை, பக்கத்தில் வீரர்களை நிறுத்திக் காட்சி அமைக்க விரும்பினால் டாமியாவின் 1/35 பிளாஸ்டிக் கிட் நன்றாக இருக்கும். கார் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளம் வரும். காருக்காகவே கார் என்றால் நான் சொல்வது 1/43 டைகாஸ்ட், அதுவும் கறுப்பு நிறத்தில். பத்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் உலோக வண்டி. பளபளக்கும் கறுப்பு, குரோம் பம்பர், கிரில்லின் அகலத்துக்கும் ஏறி நிற்கும் சிட்ரோனின் இரட்டைக் கூம்பு, எல்லாம் தயாராகவே வரும்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நிஜத்தில் நடந்ததும் அதுதான். பிரான்ஸைப் பிடித்த ஜெர்மன் படை பறித்துக்கொண்ட கார்களின் பழைய பெயின்டை யாரும் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கவில்லை. கறுப்பின் மேலும் குரோமின் மேலும் அப்படியே சாம்பல் நிறத்தை அடித்தார்கள். நாமும் தொழிற்சாலைப் பெயின்டை அகற்ற வேண்டாம். நைசான வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு, மேட் சாம்பலை நீர்த்த கோட்டுகளாக ஏர்பிரஷ்ஷில் தூவினால் போதும். 1943 பிப்ரவரிக்கு முந்தைய வண்டி என்றால் கருஞ்சாம்பல். அதற்குப் பின் ஜெர்மன் படையின் அடிப்படை நிறம் மங்கிய மஞ்சளாக மாறியது. சின்ன மாடலில் கருஞ்சாம்பலை அப்படியே அடித்தால் கறுப்பாகத்தான் தெரியும். துளி வெள்ளை கலந்து இளக்க வேண்டும். காய்ந்த பிறகு பல்குச்சி முனையால் பம்பர் விளிம்பையும் கைப்பிடி ஓரத்தையும் மெல்ல உரசினால் அடியிலிருந்து குரோம் எட்டிப்பார்க்கும். வெள்ளிப் பெயின்டைத் தொட்டு வைத்து வரவழைக்கும் தேய்மானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு உடனே தெரியும். இங்கே தேய்ந்திருப்பது நிஜமாகவே தேய்ந்திருக்கிறது.

ராணுவம் சேர்த்த உருப்படிகள் கொஞ்சம்தான். கிடைக்கோடு போல ஒரே ஒரு கீறல் விட்ட ஹெட்லைட் மூடிகள், இடது மட்கார்டில் ஹெல்மெட் கவிழ்த்தாற்போன்ற நோட்டெக் இருட்டடிப்பு விளக்கு, தரைப்படை வண்டி என்று சொல்லும் டபிள்யூ, எச் எழுத்துகளோடு வெள்ளை நம்பர் பிளேட். எனக்கு மிகவும் பிடித்தது பின்புறத்து இடைவெளி விளக்கு. அதில் வரிசையாக நான்கு சிறு சன்னல்கள் இருக்கும். பின்னால் வரும் டிரைவருக்கு அருகில் இருந்தால் நான்கும் தனித்தனியாகத் தெரியும், விலகினால் இரண்டாகச் சேரும், இன்னும் விலகினால் ஒன்றாகிவிடும். எண்ணிப் பார்த்தே இருட்டில் தூரத்தை அளந்துகொள்ளலாம். 1/43-ல் இது இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கும். அந்த நான்கு புள்ளிகளையும் பிரித்துக் காட்டிவிட்டால், மாடலின் பின்பக்கம் முன்பக்கத்துக்கு இணையாக நிற்கும்.

இத்தோடு நிறுத்தலாம், நான் நிறுத்தமாட்டேன். 1944 ஆகஸ்டில் பாரிஸ் எழுந்தபோது பிரெஞ்சு எதிர்ப்புப் படையினர் ஓட்டித் திரிந்ததும் இதே டிராக்ஷன் அவான்தான். ஊர்க்காரர்களின் கார்களும் உண்டு, ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றியவையும் உண்டு. கதவிலும் பானெட்டிலும் எஃப்எஃப்ஐ என்ற தங்கள் படையின் மூன்று எழுத்துகளையும் சுதந்திர பிரான்ஸின் சின்னமான லொரேன் சிலுவையையும் வெள்ளையில் எழுதினார்கள். எழுதியவர்கள் பெயின்டர்கள் அல்லர், நேரமும் இல்லை. ஒரு எழுத்து பருத்தும் ஒன்று சாய்ந்தும் இருக்கும், சில இடங்களில் பெயின்ட் வழிந்திருக்கும். இதற்கு டிகால் ஒட்டினால் உயிர் போய்விடும். மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, ஒத்திகை பார்க்காமல், ஒரே மூச்சில் எழுத வேண்டும்.

அடியில் ஊர்க்காரனின் கறுப்பு, நடுவில் ஆக்கிரமித்தவனின் சாம்பல், மேலே மீட்டவனின் வெள்ளை. ஒரு நாட்டின் நான்கு வருடச் சரித்திரம் இந்த மூன்று கோட்டுகளில், நடந்த வரிசையிலேயே படிகிறது. ஹம்பருக்கும் ஃபோர்டுக்கும் இல்லாத தகுதி இது. அவை கடைசி வரை ஒரே கட்சியில் இருந்தவை. அதனால்தான் சொல்கிறேன்: கடையில் காரின் முகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், டிராக்ஷன் அவானின் முகம் எல்லா வருடத்திலும் அழகுதான். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். டிக்கி தட்டையாக இருந்து, ஸ்டெப்னி வெளியே இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.