வாளை எடுக்கும் முன்

கொரியாவின் வாள் நடனத்தை வீரக் கலை என்று அறிமுகப்படுத்துவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. கொம்மு என்பது அவர்கள் பெயர். பார்த்தவர்களுக்கு இந்த வர்ணனை விசித்திரமாகவே படும்.

ஜின்ஜு நகரத்து மரபில் எட்டுப் பெண்கள், இரு வரிசைகளாக, எதிரெதிரே நிற்கிறார்கள். தலையில் போர்வீரனின் தொப்பி, உடம்பில் போர்வீரனின் மேலங்கி. ஆனால் கையில் வாள் இல்லை. முதலில் வண்ணப் பட்டைகள் கொண்ட நீண்ட கைத்துணிகள். பின் அவையும் போய் வெறுங்கை. பின் மண்டியிட்டு உட்காருகிறார்கள். வாள்கள் தரையில் கிடக்கின்றன. கைகள் அவற்றை நெருங்குகின்றன, விலகுகின்றன. எடுத்தபின் வருவது, இடுப்பை முன்னும் பின்னும் வளைத்து வட்டமாகச் சுழலும் கட்டம். கைதட்டல் அதற்குத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய தயக்கம்.

தயக்கத்துக்குக் காரணமாகச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. சில்லா நாட்டுச் சிறுவன் ஹ்வாங்சாங் எதிரிநாடான பெக்ஜேயில் போய் வாளோடு ஆடுகிறான். பெயர் பரவி, அரசன் கூப்பிட்டனுப்புகிறான். ஆடிக்கொண்டே அரசனைக் குத்திக் கொல்கிறான்; அவனும் கொல்லப்படுகிறான். அவன் முகத்தை முகமூடியாகச் செய்து சில்லா மக்கள் ஆடினார்களாம். கேளிக்கையாக வேஷம் போட்ட கொலை. கதை கச்சிதமானது. ஆனால் சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லவில்லை. 1385இல் கியோங்ஜுவில் முகமூடி ஆட்டத்தைப் பார்த்த யீ சொம் என்ற அறிஞரே ஐயப்பட்டார். 660ஆம் ஆண்டுப் போரில் பதினாறு வயதில் எதிரிப் படைக்குள் குதிரையை விட்டு, தலை வெட்டப்பட்டு இறந்த க்வான்சாங்கின் பெயர்தான் திரிந்துவிட்டது என்று வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றால் சரித்திரத்தில் இருந்தவன் வெறும் வீரன். ஜனங்களுக்கு வேண்டியிருந்தது ஆடத் தெரிந்தவன்.

பதினேழாம் நூற்றாண்டுக்குள் முகமூடி கழன்றுவிட்டது. சிறுவனும் போய்விட்டான். ஆடுபவர்கள் கிசெங் பெண்கள். அரசாங்கப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட, சமூகத்தின் கடைசிப் படியில் வைக்கப்பட்ட கலைஞர்கள். 1894 சீர்திருத்தம்வரை அவர்கள் உடம்பு அவர்களுக்குச் சொந்தமில்லை. ஷின் யுன்-போக்கின் ஓவியத்தில் இரு பெண்கள் ஆளுக்கு இரண்டு வாளோடு சுழல்கிறார்கள். கீழே வாத்தியக்காரர்கள், மேலே சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் பிரபுக்கள். படத்தில் ஆயுதம் வைத்திருப்பவர்கள் இந்த இருவர்தான். அதிகாரம் இல்லாதவர்களும் இவர்கள்தான். ஜின்ஜுவில் இதற்கு இன்னொரு நிழலும் உண்டு. 1593இல் ஜப்பானியத் தளபதி ஒருவனைக் கட்டியணைத்தபடி ஆற்றில் குதித்த நோங்கே, மரபுப்படி ஒரு கிசெங். அவள் குதித்த பாறைக்கு மேலே நிற்கும் சொக்சோங்நு மண்டபத்தில்தான் 1780இல் சொங் யாக்-யோங் வாள் நடனம் பார்த்துக் கவிதை எழுதினார். இங்கே வாளின் முன் உட்கார்ந்து தயங்கும் பெண் ஹ்வாங்சாங்கின் பிரதிநிதி மட்டுமல்ல. அவளுக்கே ஒரு கணக்குத் தீர்க்க இருக்கிறது.

பிறகு ஸ்தாபனம் வந்தது. 1962இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம். 1967இல் ஜின்ஜு வாள் நடனத்துக்குப் பன்னிரண்டாம் எண். சட்டம் காப்பாற்றியது என்பதை மறுப்பது நன்றிகெட்டத்தனம். அரண்மனையில் ஆடித் திரும்பிய சோய் சுன்-யி ஜின்ஜுவில் கற்றுக்கொடுத்தது, கிசெங் என்ற சொல்லே அவமானமாகிவிட்ட காலத்தில், சில வயதான பெண்களோடு முடிந்துபோயிருக்கும். ஆனால் சட்டம் கேட்டது 'மூல வடிவம்'. எந்த மூலம்? முகமூடிச் சிறுவனுடையதா, கிசெங்குடையதா, அரண்மனையினுடையதா? ஒவ்வொரு கட்டத்திலும் எதையாவது கழற்றிப் போட்டே வந்திருக்கும் கலையிடம் மூலத்தைக் கேட்பது, ஆற்றிடம் முதல் துளியைக் கேட்பது போல.

அரை நூற்றாண்டு கழித்து அவர்களே இதை உணர்ந்தார்கள். 2016இல் அமலுக்கு வந்த புதிய சட்டம் 'மூல வடிவம்' என்ற சொல்லை விட்டுவிட்டு, கலையின் சாரமான இயல்புகளைக் குறிக்கும் சொல்லை வைத்தது. 2024இல் 'சொத்து' போய் 'மரபுரிமை' வந்தது. இது வெறும் சொல் விளையாட்டில்லை. வடிவம் நகரும் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது. சாரம் எது?

இன்று பல மேடைகளில் வாளின் கழுத்து கைப்பிடியில் தானாகத் திருகுகிறது. சுழற்றினால் கலகலவென்று ஒலிக்கிறது. ஆயுதம் தாள வாத்தியமாகிவிட்டது. இதைப் போலி என்று தள்ள நான் தயாராயில்லை. முகமூடியைக் கழற்றியதும் ஒரு காலத்தில் போலியாகத்தான் பட்டிருக்கும். என் சந்தேகம் வேறு. சலங்கையின் முன் யாரும் தயங்குவதில்லை. எடுத்தால் ஒரு உயிர் போகும் என்ற பிரக்ஞை கையில் இருந்தால்தான் எடுக்காமலிருப்பது நடனமாகும். இல்லாவிட்டால் அது தாமதம்.

அடவு, உடை, தாளம், ஆடுவோர் எண்ணிக்கை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவிடலாம். தரையில் கிடக்கும் வாளுக்கும் அதன் மேல் அலையும் கைக்கும் இடையே உள்ள அந்தச் சாண் இடைவெளியை எழுத முடியாது. எட்டுப் பெண்களும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகச் சம்பாதித்தாக வேண்டும். மரபுரிமை என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது.